1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர்: ஒட்டும் முறையும் வண்ணம் பூசும் முறையும்

1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், 1/72 அளவு மாடலில் அது ஏறத்தாழ 156 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், அரை மில்லிமீட்டர் பிசகுகூடக் கண்ணை உறுத்தும். எனவே பெட்டியைத் திறந்த கையோடு பாகங்களை அவை இணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிய்த்தெடுக்காமல், முதலில் அவற்றைச் சட்டத்தோடு சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சில் ஒட்டாதிருக்கப் பூசிய எண்ணெய்ப்பசை எஞ்சியிருந்தால், பெயின்ட் பின்னர் மாஸ்கிங் டேப்போடு சேர்ந்து உரிந்துவரும்.

விமானி அறையின் உட்புறத்தை, உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சுவர்களுக்குச் சாம்பல் கலந்த பச்சையும் கருவிப் பலகைக்குக் கறுப்பும் போதும். மூடிய கண்ணாடிக்கு உள்ளே இதற்கு மேல் எதுவும் தெரியப்போவதில்லை.

மாடலின் தரம் பெரும்பாலும் ஒட்டும் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. மாடல்களுக்கான திரவப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இரு விளிம்புகளையும் ஒன்றாக உருக்கிவிடுவது. பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டாலே பசை உள்ளே ஓடிவிடும். சில நொடிகள் கழித்து மெல்ல அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் இணைப்பின் நெடுகிலும் மெல்லிய வரம்பாகப் பிதுங்கும். அதை உடனே துடைக்காமல் ஒரு நாள் இறுகவிட்டு, கத்தியால் சீவி, 600-ஆம் எண் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்தால், கோடு இருந்த சுவடே தெரியாது. இறக்கைகள் மேல்நோக்கி ஏறத்தாழ 6 பாகை சாய்ந்திருக்க வேண்டுமாதலால், பசை காயும்வரை ஓர் இறக்கை முனையிலிருந்து மறுமுனைக்கு உடலின் மேலாக டேப்பை இழுத்துக் கட்டலாம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விழும் இடைவெளியும் அதனாலேயே அடைபடும். கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. சூப்பர் க்ளூவின் ஆவி அதை மங்கலாக்கிவிடும். பின்னர் அதன் சட்டங்களைத் தவிர்த்து மற்ற பகுதிகளை டேப்பால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

சாம்பல் ப்ரைமர் அடித்ததும் மறைந்திருந்த கீறல்கள் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்த பின்பே வண்ணத்துக்குச் செல்ல வேண்டும். பெயின்டைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, தடிமனாக ஒரே பூச்சு அடிப்பதற்குப் பதிலாக மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். முதலில் அடிப்புறத்துக்கு 'ஸ்கை' எனப்படும் வெளிர் பச்சை, அடுத்து மேற்புறம் முழுவதற்கும் 'டார்க் எர்த்' பழுப்பு, அதன் மேல் திட்டுகளாக 'டார்க் க்ரீன்' என்பது வசதியான வரிசை. 1940 ஜூனுக்கு முந்தைய விமானமானால் அடிப்புறம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்றிருக்கும். திட்டுகளின் விளிம்பைப் புகைபோல் கலங்கவிடுவது பலருக்கும் பிடித்திருந்தாலும், இந்த அளவில் அது மிகைதான். விளிம்பு கூர்மையாக இருப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

டெக்கால் எனப்படும், சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட மெல்லிய படலத்தை ஒட்டுவதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் பூச்சு கட்டாயம் தேவை. சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கிக்கொண்டு டெக்காலைச் சுற்றி வெள்ளி போல் மின்னும். மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 234-ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவின் விமானத்தைச் செய்வோர், அதன் குறியீடான சாம்பல் நிற 'ஏஇசட்' எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கலாம். டெக்கால் காய்ந்தபின் மங்கலான வார்னிஷ் அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷைத் தொடாதிருப்பது நல்லது, பரப்பு பாலாடை பூத்ததுபோல் வெளுத்துவிடும்.

அழுக்கேற்றுவதில் அடக்கம் வேண்டும். அந்தக் கோடையில் பல விமானங்கள் வெயிலில் வெளிறுமளவுக்குப் பிழைத்திருக்கவில்லை. எனவே புகைக்குழாய்களுக்குப் பின்னால் மெல்லிய கரிக்கோடு ஒன்றே போதும். புரொப்பெல்லர் முனையில் 4 அங்குல மஞ்சள் பட்டை உண்டு. மாடலில் அது 1.4 மில்லிமீட்டர். முதலில் மஞ்சளைப் பூசி, முனையை டேப்பால் மறைத்துவிட்டுக் கறுப்பு அடிப்பது எளிது.

பழைய ரேடியோ பொருத்தப்பட்ட விமானமானால், முதுகிலுள்ள கம்பத்திலிருந்து வால் சுக்கான் வரை ஆன்டெனா கம்பி செல்லும். மிஞ்சிய சட்டத் துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேல் சற்றே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். அதைத் தொய்வாகவே இரு முனையிலும் ஒட்டி, பசை இறுகியதும் கனன்றுகொண்டிருக்கும் ஊதுவத்தியை இழையில் படாமல் அருகே கொண்டுசென்றால் அது சுருங்கி விறைத்துக்கொள்ளும்.