மைனஸ் 15-இல் 5 கி.மீ. ஓட்டம்

கனடாவின் ஜனவரிக் குளிரில் 5 கி.மீ. பந்தயம் ஓட, வெளியே 10 டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்து உடுத்துங்கள். தொடக்கக் கோட்டில் லேசாக நடுங்கினால் உடை சரி. அங்கேயே கதகதப்பாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வியர்த்து நனைவீர்கள். அந்த ஈரம்தான் பிறகு உடம்பை விறைக்க வைக்கும். பருத்தி வேண்டவே வேண்டாம், அது ஈரத்தை விடாது. உள்ளே ஒட்டிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டை, மேலே காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போதும். விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன், விரல் பிரிந்த கையுறையைவிடச் சூடு காக்கும். கன்னம், மூக்கு, காது மூடியிருக்கட்டும். காற்றுக்குளிர் (காற்று வீசுவதால் உடம்பு உணரும் குளிர்) மைனஸ் 28-ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். தோல் வெளுத்து மரத்துப்போனால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், தேய்க்காதீர்கள்.

உள்ளரங்கில் 10 நிமிடம் மெல்ல ஓடித் தசைகளைச் சூடாக்கிவிட்டு, கடைசி நேரத்தில் வெளியே வாருங்கள். முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓடுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரை முன்பே எடுத்துக்கொண்டு, வாயைத் துணியால் மூட வேண்டும். பனிக்கட்டியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இந்தக் குளிரில் சரியாக வேலை செய்யாது, தரை வழுக்கும். வளைவுகளில் அடியைக் குறுக்குங்கள். முடித்ததும் முதலில் ஈர உடையை மாற்றுங்கள், பதக்கப் படம் பிறகு.