கொலஸ்ட்ரால் மாத்திரையால் ஒவ்வாமை: என்ன செய்ய வேண்டும்?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் வகை மாத்திரைகளை உட்கொள்பவருக்கு உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், தடிப்புகளோடு தலைசுற்றி மயக்கம் வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இவ்வளவு கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆயினும் அதற்கு முதல் மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே என்பதால், வீட்டிலுள்ள அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தோல் கொப்புளித்து உரிந்தாலும், காய்ச்சலோடு வாயில் புண்கள் தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அரிப்பும் தடிப்பும் மட்டும் இருந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். தடிப்பு மறைந்துவிடக்கூடும் என்பதால் அதைப் படமெடுத்து, மாத்திரை உட்கொண்ட நேரத்தையும் தடிப்பு தோன்றிய நேரத்தையும் எழுதி வையுங்கள்.

மாத்திரை அட்டையையும் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். இதய நோயாளிகளுக்கு அடோர்வாஸ்டாடினோடு, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்த்துத் தரப்படுவதுண்டு. தடிப்புக்கு அந்த ஆஸ்பிரினே காரணமாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் ராமிப்ரில், எனாலாப்ரில் ஆகியவை, பல மாதங்கள் தொல்லையின்றி இருந்த பிறகும், உதட்டையும் நாக்கையும் வீங்கச் செய்யக்கூடியவை. பழியைக் கொழுப்பு மாத்திரைமீது போட்டு அதை மட்டும் நிறுத்தினால் உண்மையான ஆபத்து வீட்டிலேயே தங்கிவிடும்.

தசைவலி ஒவ்வாமை அன்று, அது பக்கவிளைவு. ஆனால் கடும் வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் இன்னொரு மருந்தான நியாசினை உட்கொண்டதும் முகம் சிவந்து எரிவதும் பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. அம்மருந்து தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் வருவது.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மாரடைப்பு வந்தவரோ, இதய இரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவரோ 'எனக்கு அலர்ஜி' என்று தாமே முடிவு செய்து, மாற்று ஏதுமின்றி மாத்திரையைக் கைவிட்டால் அடுத்த மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வாமை உறுதியானால் வேறொரு ஸ்டாடினோ, ஸ்டாடின் அல்லாத கொழுப்பு மருந்துகளான எசெடிமைப், பெம்பெடோயிக் அமிலம் போன்றவையோ பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய மாத்திரையை வீட்டில் மீண்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். எந்த மருந்து, என்ன விளைவு, எந்தத் தேதி என்பதை மருந்துச்சீட்டில் எழுதித் தரச் சொல்லி, பல் மருத்துவர் உட்பட எல்லா மருத்துவரிடமும் காட்டுங்கள்.