ஒகேனக்கல்லில் ஒரு நாள் நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

தர்மபுரிக்காரர்களிடம் ஒகேனக்கல் போயிருக்கிறீர்களா என்று கேட்டால், "போனோம், எண்ணெய் தேய்த்தோம், குளித்தோம், மீன் சாப்பிட்டோம், வந்தோம்" என்பார்கள். நல்ல நாள்தான். ஆனால் காவிரி அங்கே பல கிளையாகப் பிரிந்து, பாறைகளுக்கு நடுவே இடத்துக்கு இடம் விழுந்து, கடைசியில் ஒரு குறுகிய இடுக்கில் ஒன்றுசேர்ந்து ஓடுவதை, அவசரப்படாமல் நடந்து பார்த்தவர்கள் குறைவு. அப்படி ஒரு நாள் நடக்க நினைக்கிறவர்களுக்காக, நான் போகும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு: கனஅடியைப் பாருங்கள்

பையைக் கட்டும் முன் செய்ய வேண்டியது இது. "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி" என்று நாளிதழிலும் டிவியிலும் தினமும் வரும் செய்திதான் உங்கள் நாளை முடிவு செய்யப்போகிறது. மேலே கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர் ஆணையம் ஆற்றை அளக்கிறது. அங்கிருந்து வரும் எண் அது.

ஒரு கனஅடி என்றால் நொடிக்கு சுமார் 28 லிட்டர். 8 ஆயிரம் கனஅடி என்றால் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 26 ஆயிரம் லிட்டர் தண்ணீர் உங்கள் முன்னால் விழுகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு இந்த அளவு நல்லது: அருவிகளும் நிறைவாக இருக்கும், பாறைகளும் தெரியும், பரிசலும் பெரும்பாலும் ஓடும். 20 ஆயிரத்தை நெருங்கினால் குளிக்கவும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடக்கூடும். ஒரு லட்சத்தைத் தாண்டிய வருடங்களும் உண்டு. அப்போது அருவி என்று தனியாக எதுவும் தெரியாது, பாறைகளையெல்லாம் மூடிக்கொண்டு ஒரே வெள்ளமாக ஓடும். கோடையில் சில நூறு கனஅடிக்கு இறங்கிவிடும், அப்போது பாறைதான் அதிகம் தெரியும்.

எண் எப்படி ஏறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் தொலைவில் உள்ள கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் திறக்கும் தண்ணீர் உடனே வந்துவிடாது. திறந்த செய்தி முன்கூட்டியே வந்துவிடும், நமக்கு யோசிக்க நேரம் இருக்கும். ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் பக்கம் பெய்யும் மழை அப்படி இல்லை. இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு சட்டென்று ஏறும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, யாரும் சொல்லும் முன்பே கரையேறிவிடுங்கள்.

ஒரு ஆடி மாதம் இதையெல்லாம் பார்க்காமல் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். போன அன்று காலைதான் தடை. துண்டும் கையுமாக நின்ற சின்னவன், "மாமா, தூரத்துல இருந்து பாக்கறதுக்கா வந்தோம்?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எண் பார்க்காமல் கிளம்புவதில்லை.

எப்போது போகலாம்? ஜூலை, ஆகஸ்டில் வெள்ள வாய்ப்பு அதிகம். ஆடிப்பெருக்கு அன்று நடக்கவே இடம் இருக்காது. எனக்குப் பிடித்தது ஐப்பசி கழிந்து தை வரைக்கும், அதிலும் வாரநாள்.

பையில் என்ன

அடியில் ரப்பர் பிடிப்புள்ள, பின்வார் வைத்த செருப்பு. இது ஒன்றில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். மாற்றுத்துணி, துண்டு, தண்ணீர், தொப்பி, போனைப் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் உறை. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம், குரங்குகள் விடாது. சோப்பு, ஷாம்பு பாக்கெட் எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் அரப்பு போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்றிலும் போர்வெல்லிலும் புளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து பல்லில் கறை படிந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபின் நம் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர்தான். அதில் நுரை கலப்பது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத காரியம்.

பயணம்

தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். இண்டூர், பென்னாகரம் வழியாக பஸ் போகிறது. காலை எட்டரைக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். பென்னாகரம் தாண்டியதும் காடு, அப்புறம் மலை இறக்கம். சொந்த வண்டியில் போகிறவர்கள் கணவாயில் வேகம் காட்ட வேண்டாம், யானை கடக்கும் பாதை. சுற்றியுள்ள காடு சாதாரணமானதல்ல. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானை, நீர்நாய், நரை அணில் எல்லாம் உள்ள காடு.

நடை

முதலில் முதலைப் பண்ணையைப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். பிள்ளைகளுக்கு இதன் பயன் வேறு: ஆற்றிலும் முதலை உண்டு என்பது அங்கே பார்த்தபின் மனதில் நிற்கும், அனுமதி இல்லாத துறையில் இறங்க அடம்பிடிக்க மாட்டார்கள்.

அங்கிருந்து மெயின் அருவிப் பக்கம் வந்து தொங்குபாலத்தில் ஏறுங்கள். பாலத்தின் நடுவில் நின்று கண்ணை ஒரு நிமிடம் மூடிப் பாருங்கள். இரைச்சல் முதலில் ஒன்றாகத்தான் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கிட்டத்தில் விழுவது தனியாக, தூரத்தில் விழுவது தனியாகப் பிரியும். பிறகு கண்ணைத் திறந்தால் எந்தச் சத்தம் எந்த அருவி என்று தேடத் தோன்றும். முகத்தில் படும் சாரலுக்குத்தான் இந்த ஊரின் பெயரே. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' பாறை. புகையும் கல்.

அடுத்து பாறை. இங்கேதான் முதல்முறை வருகிறவர்கள் விழுகிறார்கள். காய்ந்து வெளிறிய பாறை பிடிக்கும். ஈரம் பட்டுக் கறுத்திருப்பதில் கவனம் வேண்டும். பச்சையோ பழுப்போ பூசினாற்போல மினுங்கினால் அது பாசி, அதில் கால் வைக்கவே கூடாது. பாதத்தை முழுசாகப் பதித்து, எடையை மெதுவாக மாற்றி, அது நின்றபின் அடுத்த காலை எடுங்கள். குதிகாலை முதலில் வைத்தால் வழுக்கும். தாண்டிக் குதிக்கவே வேண்டாம். கையில் போன் இருந்தால் நடக்காதீர்கள், நடந்தால் போனைப் பையில் போடுங்கள். ஒரு தடவை உட்கார்ந்து அந்தப் பாறையைத் தடவியும் பாருங்கள். இங்கே கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை உண்டு. பூமிக்கு அடியிலிருந்து வந்த, கார்பனேட் நிறைந்த குழம்பு இறுகி உண்டானது.

குளியல் அனுமதித்த இடத்தில் மட்டும். கம்பியைத் தாண்டக் கூடாது.

பரிசல்

பரிசலுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. துறையில் கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு, லைப் ஜாக்கெட் மாட்டிய பின்தான் ஏற வேண்டும். மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை அது. ஏறும்போது விளிம்பில் மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். ஓட்டுகிற அண்ணன் எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கேயே இருங்கள், அவர் எடையைச் சமன் பார்க்கிறார். ஒரே துடுப்பால் அவர் தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பதைப் பாருங்கள். சுற்றிவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், எதிர்க்கரை கர்நாடகம். அந்த இடுக்கில் பேசாமல் போவதே சுகம்.

மீன்

பசி வந்ததும் மீன் கடைக்குப் போங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, ஆரல், வாளை என்று இருப்பதைக் காட்டுவார்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா பார்த்து வாங்கி, அங்கேயே சமைத்துக் கொடுக்கும் அக்காக்களிடம் கொடுக்கலாம். கூலியை முன்பே பேசிவிடுங்கள். அவர்கள் மசாலா தடவிக் கொஞ்சம் ஊறவைப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். தலையும் வாலும் குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு என்று சொன்னால் சரியாக இருக்கும். முள் அதிகமுள்ள மீனைப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம்.

திரும்பும் முன்

நாலு மணிக்கு மேல் நடையை முடித்துக்கொண்டு, இருட்டும் முன் மலை ஏறிவிடுங்கள். அதற்குமுன் ஒரே ஒரு வேலை. தொங்குபாலத்திலிருந்து தெரியும் ஏதாவது ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் அதில் எதுவரை நிற்கிறது என்று போட்டோ எடுத்து, அன்றைய கனஅடியையும் தேதியையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை நாளிதழில் எண்ணைப் பார்த்ததும் அந்தப் பாறை நனைந்திருக்கிறதா, முழுகியிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே உங்களுக்குத் தெரியும். என் குறிப்பேட்டில் இப்போது பதினோரு எண்கள் இருக்கின்றன.