வேர்க்கடலை முதலில் எந்த வழியாக உள்ளே போகிறது?

"மூணு வயசு ஆகட்டும், அப்புறம் கடலை கொடுக்கலாம்" என்பது வீட்டுப் பெரியவர்கள் மட்டும் சொன்னதல்ல. ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பே 2000-இல் சொல்லியிருந்தது. தள்ளிப்போடுவதால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் போதாது என்று 2008-இல் பின்வாங்கியது. அறிவுரை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழு பார்த்தது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே 'பாம்பா' என்ற வேர்க்கடலைப் பொரியைச் சப்புவார்கள். பிரிட்டனில் அப்போது பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள். அடுத்து, கடுமையான எக்ஸிமாவோ (தோல் வறண்டு அரிக்கும் கரப்பான்) முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். 2015-இல் முடிவு வந்தது: ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்கு வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்துக்குத்தான்.

சரி, சாப்பிடவே சாப்பிடாத குழந்தைக்கு அலர்ஜி எப்படி வருகிறது? தோல் வழியாக. குடல் வழியே வரும் புரதத்தை உடல் பெரும்பாலும் 'இது சாப்பாடு' என்று பழகிக்கொள்கிறது. எக்ஸிமாவால் வெடித்து, சொறிந்து புண்ணான தோல் வழியே அதே புரதம் நுழைந்தால் கிருமி வந்ததுபோல் எடுத்துக்கொண்டு அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பிறகு முதன்முதலாக ஒரு வாய் கொடுக்கும்போதே உதடு வீங்குகிறது. வீட்டில் மற்றவர்கள் கடலை சாப்பிட்டால் போதும், படுக்கைத் தூசியில்கூட அந்தப் புரதம் இருக்கும். வாயை மட்டும் காத்தால் பாதி வழியைத்தான் அடைத்ததாகும், அதுவும் அடைக்கக் கூடாத பாதியை.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைத் தினமும் தேய்த்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜி வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்சும் சிக்கலில்லாமல் சாப்பிட்டவர்கள்!

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது குளியல் நேரம். நல்ல தோலைப் பற்றிச் சொல்லவில்லை. சிவந்து, நீர் கசியும் கரப்பான் தோலில் கடலை மாவு, பாலாடை, பாதாம் எண்ணெய் என்று தேய்ப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 2003-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், வேர்க்கடலை அலர்ஜி வந்த குழந்தைகளிடம் கடலையெண்ணெய் கலந்த கிரீம்களின் பயன்பாடு அதிகமாக இருந்தது. கடலைச் சட்னி அரைத்த கையைக் கழுவாமல் கிரீம் டப்பாவுக்குள் விரலை விடுவதும் அதே கதைதான். சுத்தமான கரண்டியால் எடுங்கள். 'ஒத்துக்கொள்கிறதா பார்ப்போம்' என்று உணவைக் கன்னத்தில் தடவிச் சோதிப்பதும் வேண்டாம். வெறும் எரிச்சலால்கூடத் தோல் சிவக்கும். போகக் கூடாத வழியில் அனுப்பியதுதான் மிச்சம்.

எக்ஸிமாவை 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விடுவதும், ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து மருத்துவர் தந்த களிம்பை ஒளித்துவைப்பதும் தோலைத் திறந்தே வைக்கின்றன. அதற்காக நல்ல தோலில் மாய்ஸ்சரைசர் பூசினால் எக்ஸிமா வராது என்றும் இல்லை. 2020-இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வில் அது பலிக்கவில்லை.

இன்னொரு தவறு: சிக்கலில்லாமல் முட்டை சாப்பிடும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையில் ஏதோ எண் கூடியிருக்கிறது என்று முட்டையை நிறுத்துவது. பழகிய உணவு நின்றால் பழக்கமும் போகலாம், மீண்டும் கொடுக்கும்போது கடுமையாகத் தாக்கலாம்.

கொடுக்கும்போது முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நன்றாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். ஒருநாள் ருசி காட்டிவிட்டு மறந்துவிடவும் கூடாது. 2015 ஆய்வில் வாரத்துக்கு 6 கிராம் வேர்க்கடலைப் புரதம், மூன்று வேளையாவது பிரித்து, ஐந்து வயதுவரை கொடுத்தார்கள். கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தால் முதல் வாயை மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள். ஏற்கெனவே வேர்க்கடலையால் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்த குழந்தைக்கு வீட்டில் எந்தச் சோதனையும் கூடாது.