ஆம்பூர் பிரியாணியை வீட்டில் சமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வட ஆர்க்காட்டிலும் பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட ஆம்பூர், மாவட்டம் எத்தனை முறை மாறினாலும் தன் பிரியாணியின் பெயரை விட்டுக்கொடுத்ததில்லை. வேலூரிலும் குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் அதை வீட்டில் சமைத்துப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் மூன்று: சோறு குழைந்துவிடுகிறது, அடி பிடித்து மேல்பகுதி வேகாமல் நிற்கிறது, கடைப் பிரியாணியின் நிறமும் மணமும் வருவதில்லை. உடனே பழி மசாலாவின் மேல் விழுகிறது. அடுத்த முறை பட்டையும் கிராம்பும் கூடுகின்றன. அதனால் பிரியாணி இன்னும் கெடுகிறது. இந்தப் பிரியாணி மசாலாவை மிகக் குறைவாகவே கேட்கும் உணவு. இதில் நேரும் பிழைகளில் பெரும்பங்கு நீரைக் கையாள்வதில் நேர்பவை என்பதே என் கருத்து. கறி விடும் நீர், தக்காளியின் நீர், தயிரின் நீர், அரிசி ஊறிய நீர், மூடியில் திரளும் ஆவி நீர் ஆகிய ஐந்தும் கணக்கில் வராதவரை கைப்பக்குவம் மட்டும் காப்பாற்றாது.

முதல் தவறு முறையைக் குழப்பிக்கொள்வது. ஒரே பாத்திரத்தில் அரிசிக்கு இத்தனை பங்கு என்று தண்ணீரை அளந்து ஊற்றி வேகவிடுவது ஒரு முறை. குக்கரில் நாம் செய்யும் பிரிஞ்சி அந்த வகையைச் சேர்ந்தது. ஆம்பூரில் கறி மசாலா ஒரு பாத்திரத்தில் தயாராக, அரிசி வேறொரு பாத்திரத்தில் நிறைந்த கொதிநீரில் முக்கால் பதம் வெந்து, வடிக்கப்பட்டு, அதன்பின் இரண்டும் சேர்ந்து தம்மில், அதாவது இறுக மூடிய பாத்திரத்தில் சிறு சூட்டில் தம் ஆவியிலேயே, அடங்குகின்றன. வடித்த அரிசியைச் சேர்த்த பிறகும், பழக்க தோஷத்தால், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுபவர்கள் இரண்டு முறைகளின் கெடுதியையும் ஒருசேரப் பெறுகிறார்கள்.

அரிசியைப் பொறுத்தவரை சீரகச் சம்பாவே இதற்கு உரியது. பாசுமதியில் செய்தால் சுவையான வேறொரு பிரியாணி கிடைக்கும். சீரகச் சம்பா சிறிய மணி என்பதால் விரைவில் ஊறும், விரைவில் வேகும். அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் வடிக்கும்போதே உடையத் தொடங்கும். அறுவடையாகி அதிக நாள் ஆகாத புது அரிசி எளிதில் ஒட்டிக்கொள்ளும். கடையில் கேட்டுப் பழைய அரிசியாகவே வாங்க வேண்டும். வடிக்கும் நீரில் உப்பு தாராளமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே உப்பேறாத சோற்றுக்குப் பின்னர் கறியில் உப்பைக் கூட்டி ஈடுசெய்ய முடியாது. மசாலா கரிக்கும், சோறு சப்பென்றே இருக்கும். கொதிநீரில் அரிசியைப் போட்டபின் அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒரு மணியை விரலால் நசுக்கினால் ஓரம் மசிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி போல் சிறிது கடினம் எஞ்சியிருக்கும் நிலையே வடிக்க வேண்டிய பதம். ஐந்து நிமிடத்திலேயே அந்தப் பதம் வந்துவிடக்கூடும் என்பதால், கறி தயாராவதற்கு முன்னரே அரிசியை உலையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது பெருந்தவறு. அரிசி கறிக்காகக் காத்திருக்காது. கறிதான் அரிசிக்காகக் காத்திருக்க வேண்டும்.

நிறமும் காரமும் காய்ந்த மிளகாய் விழுதிலிருந்து வருபவை. மிளகாயைக் காம்பு நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, மிகக் குறைந்த நீர் விட்டு மைபோல் அரைப்பதே வழக்கம். நேரத்தை மிச்சப்படுத்த மிளகாய்த்தூளைப் போடுபவர்கள், சூடான எண்ணெயில் தூள் நொடியில் கருகிக் கசப்பதையும், தப்பினாலும் அடியில் படிந்து பிடிப்பதையும் காண்பார்கள். விழுதைப் போட்ட பிறகு பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்காமல் அவசரமாகத் தக்காளியைக் கொட்டுவது அடுத்த பிழை. மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரைபவை. நீரில் அவ்வளவாகக் கரையாதவை. எண்ணெயில் இறங்காத நிறம், நீர் நிரம்பிய மசாலாவில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெளிறியே இருக்கும். அப்போது கேசரிப் பவுடர் டப்பாவைத் தேடுகிறார்கள். விழுது ஒழுங்காக வதங்கியிருந்தால் அந்த டப்பாவுக்கு இங்கே வேலையில்லை. காரம் மட்டும் குறைய வேண்டும் என்பவர்கள் மிளகாயைக் கீறி, விதையோடு அதைத் தாங்கியிருக்கும் வெண்மையான நரம்பையும் எடுத்துவிடலாம். காரம் பெரிதும் அந்த நரம்பில்தான் இருக்கிறது.

கறியில்தான் நீர்க்கணக்கு மிகவும் தவறுகிறது. அரைக் கிலோ அரிசிக்கு அரைக் கிலோ ஆட்டுக்கறி என்ற சம அளவு இதற்குப் பொருந்தும். கழுவிய கறியை நன்றாக வடியவிடாமல் அப்படியே சேர்ப்பதும், அகலம் போதாத பாத்திரத்தில் முழுவதையும் அடைத்து வதக்குவதும் ஒரே விளைவைத் தருகின்றன: கறி எண்ணெயில் வதங்குவதற்குப் பதிலாகத் தன் நீரிலேயே வேகத் தொடங்குகிறது, வதங்கும்போது பிறக்க வேண்டிய மணம் பிறப்பதே இல்லை. தக்காளியை அளவுக்கு மேல் போட்டால் புளிப்போடு நீரும் கூடும். தயிர் விஷயத்தில் எங்கள் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. வேலூரில் கோடைக் காலத்துக் காலையில் உறைந்த தயிர், வெளியிலேயே இருந்தால் மதியத்துக்குள் புளித்து நீர்த்துவிடும். புளிக்காத கெட்டித் தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, தீயைத் தணித்துச் சேர்த்தால் திரியாது. முற்றிய ஆட்டின் கறியில் உள்ள நார்த்தன்மை மெதுவான, ஈரமான சூட்டில்தான் இளகும். ஆகவே அரிசியைச் சேர்க்கும் முன்பே கறி கிட்டத்தட்ட முழுதாக வெந்திருக்க வேண்டும். தம்மில் வெந்துவிடும் என்று விடப்பட்ட கறி வேகாது, ஏனென்றால் தம் போடும் கால் மணி, இருபது நிமிடம் சோற்றுக்கே சரியாக இருக்கும். குக்கரைப் பயன்படுத்துவதில் இழுக்கொன்றும் இல்லை. ஆனால் குக்கரில் நீர் சுண்டாது என்பதால், திறந்தபின் மசாலாவைக் கொதிக்கவிட்டு வற்றவைத்த பிறகே அரிசிக்குப் போக வேண்டும். கோழியாக இருந்தால் இந்தக் கவலைகள் பாதியாகக் குறையும். அது வேகவும் நேரம் எடுக்காது, குழையவும் நேரம் எடுக்காது.

வடித்த அரிசியைக் கறியோடு சேர்க்கும் தருணத்தில் மசாலா கொதித்துக்கொண்டும், மேலே எண்ணெய் மிதந்துகொண்டும், குழம்பை விடச் சற்றுக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முற்றிலும் வற்றியிருந்தால் சோற்றின் மீதிக் கால் பதம் வேக ஈரம் கிடைக்காது. ஆறியிருந்தால் ஆவி எழத் தாமதமாகி அடிச்சோறு ஊறிப் பிசுபிசுக்கும். விறகடுப்பில் தேக்சா என்னும் பெரிய பிரியாணிப் பாத்திரத்தின் மூடிமேல் தணலை அள்ளிப் பரப்புவதால் மேலிருந்தும் சூடு கிடைக்கிறது, மூடியில் நீர் திரண்டு சொட்டுவதும் குறைகிறது. எரிவாயு அடுப்பில் சூடு நடுவில் மட்டுமே குவிவதால், கனமான தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்து, மூடிக்கு அடியில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி, மேலே பளுவான ஒன்றை ஏற்றி, மிகச் சிறு தீயில் விட வேண்டும். இடையில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கவே பலரால் முடிவதில்லை. அணைத்தபின்னும் பத்து நிமிடம் மூடியபடியே இருந்தால்தான் சோற்றின் ஈரம் சமப்படும். கரண்டியைச் செங்குத்தாகக் குத்திக் கிளறாமல், தட்டையான கரண்டியால் ஓரத்திலிருந்து சரித்து எடுக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள இங்கே கத்திரிக்காய் தவறாது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சந்தையில் கிடைக்கும் நாளில் வேறொன்றை வாங்குவானேன்? எண்ணெய் அத்தனையையும் காய் குடித்துவிடுகிறதே என்று மேலும் மேலும் ஊற்றுவது தவறு. கத்திரிக்காய் முதலில் பஞ்சுபோல் எண்ணெயை இழுத்து, வதங்கிச் சுருங்கியதும் அதில் ஒரு பங்கைத் திருப்பி விட்டுவிடும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, காய் வதங்கிய பின்னரே சேர்க்க வேண்டும். புளிப்பு முந்திவிட்டால் காய் மென்மையாவது தாமதப்படும். தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தை முன்கூட்டியே உப்பிட்டுக் கலந்துவைத்தால் அது நீராக ஓடும். பரிமாறுகையில் கலப்பது போதும்.

மிச்சமான பிரியாணியை மூடிய பாத்திரத்திலேயே இரவுவரை விட்டுவைப்பது, எங்கள் பக்கத்து வெயிலில், மேற்சொன்ன எல்லாவற்றையும் விட ஆபத்தானது. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி அவை உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, மேலே நீர் தெளித்து, இட்லிப் பானையில் நடுச்சோறும் ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் சோறு உடையாமல் கிடைக்கும்.