பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை விழாமல் கூட்டிப்போவது எப்படி?

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வலப்பக்கம் வாதம் அடித்து எட்டு மாதம் ஆகிறது. படுத்த படுக்கையாகக் கிடந்த வரையில் அவர் விழவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகுதான் இரண்டு தடவை விழுந்தார். "நானே போய்க்குவேன்டா" என்கிற தைரியம் காலுக்கு முந்தி வந்துவிடுகிறது. தேறிவரும் இந்தக் காலம்தான் ஆபத்து.

முதலில், பார்தெல் மதிப்பெண் (அன்றாட வேலைகளை அவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்பதற்கான அளவு) எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். சாப்பிடுவது, உடுத்துவது, படி ஏறுவது என்று 10 வேலைகள், மொத்தம் 100. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் தலா 15.

அடுத்து கட்டில். கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம். தொய்ந்த கயிற்றிலிருந்து எழ முடியாது. பலகைக் கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். எழுந்ததும் நிற்க விடாதீர்கள். ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம்.

இனி நான் தப்பு செய்த இடம். அப்பா நல்ல கையை என் தோளில் போட்டுக்கொள்வார், நானும் அந்தப் பக்கமே நடப்பேன். ஒரு விடியற்காலை, கழிப்பறை வாசலில் அவருடைய வலது பெருவிரல் நிலைப்படியில் தட்டியது. முன்பாதம் தொங்குவதால் அந்தக் கால் உயரவில்லை. வலப்பக்கமாகச் சரிந்தார். என் பிடியில் இருந்தது இடக்கை மட்டும்தான்.

நிற்க வேண்டியது பலவீனமான பக்கம், அரை அடி பின்னால். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். பலவீனமான கையை இழுக்கவே கூடாது, தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். ஊன்றுகோல் நல்ல கையில். லுங்கிக்குப் பதில் அரைக்கால் சட்டை. மாட்டும்போது பலவீனமான கால் முதலில்.

குளியலறைக்கு எவர்சில்வர் கைப்பிடிதான் என் தேர்வு, திருகாணியும் அதுவே. நம் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் அரித்துவிடும். துண்டு போடும் கம்பியை நம்பாதீர்கள்.

பின்சேர்க்கை: நான்கு கால் ஊன்றுகோல் முற்றத்து மணலுக்கு ஆகுமா என்று பாம்பனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். ஆகாது அக்கா, ஒரு கால் புதைந்தாலும் கோல் சாயும். சிமெண்ட் தரையிலேயே நடக்கட்டும். அப்பாவுக்கும் கடலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வள்ளங்கள் கரையேறும் நேரத்துக்குச் சக்கர நாற்காலியில் ரோடு முடியும் இடம்வரை கூட்டிப்போகிறேன். பிரேக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.