பிஜிவி முடியாமலே புது வேலையில் சேர்ந்துவிட்டீர்களா? கவனிக்க வேண்டியவை

சென்னை ஓஎம்ஆரிலும் பெங்களூரிலும் இது தினமும் நடக்கிறது. ஆஃபர் லெட்டர் வந்து, சேரும் நாளும் வந்து, ஐடி கார்டு கழுத்தில் ஏறிவிடும். பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது எல்லோரும் சொல்லும் பிஜிவி, மட்டும் முடிந்திருக்காது. சம்பளம் வரும், பிஎஃப் பிடிப்பார்கள், ஆனாலும் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி உங்களைப் பிடித்து வைத்திருக்கும்: சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்தான் இந்த நியமனம் செல்லும். இடைப்பட்ட நாட்களில் சிக்குபவர்கள் எல்லோரும் போலிச் சான்றிதழ் கொடுத்தவர்கள் அல்ல. தேதியும் பெயரும் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததாலேயே மாட்டியவர்கள் நிறையப் பேர்.

ராஜினாமா கொடுப்பதற்கு முன்

புது நிறுவனத்தின் எச்ஆரிடம் மூன்று விஷயங்களை மெயிலில் கேளுங்கள். போனில் கேட்டால் பதில் கிடைக்கும், ஆதாரம் கிடைக்காது. பிஜிவி சேர்வதற்கு முன்பே தொடங்குமா, பின்பா? என்னென்ன சரிபார்ப்பு: படிப்பு, முந்தைய வேலை, முகவரி, நீதிமன்ற வழக்குகள் மட்டுமா, சிபில் (கடன் வரலாறு), போதைப்பொருள் பரிசோதனை எல்லாம் உண்டா? இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தை எப்போது தொடர்புகொள்வார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். பிஜிவி படிவத்தில் 'தற்போதைய நிறுவனத்தை இப்போது தொடர்புகொள்ளலாமா' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று குறித்து, கடைசி வேலைநாளுக்குப் பிறகான தேதியைக் கொடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் நீங்கள் ராஜினாமா கொடுக்கும் முன்பே உங்கள் மேலாளருக்குச் செய்தி போய்விடும்.

சேர்வதற்கு முன்பே தொடங்கலாம் என்றால் தொடங்கச் சொல்லுங்கள். சரிபார்ப்பு அறிக்கையில் பச்சை என்றால் சரி, அம்பர் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் முரண்பாடு. படிப்பும் பழைய வேலைகளும் பச்சையாகிவிட்டால் பாதி பாரம் குறைந்தது. ஜாயினிங் போனஸோ, நோட்டீஸ் காலத்தை முழுதாக முடிக்காமல் வருவதற்கான நோட்டீஸ் பை-அவுட் தொகையோ தருகிறார்கள் என்றால், பிஜிவி தோற்றால் அதைத் திருப்பித் தர வேண்டுமா என்ற பத்தியையும் தேடிப் படியுங்கள்.

உங்களை நீங்களே சரிபாருங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரி. அதில் ரெஸ்யூமேயில் உள்ள தேதி, ரிலீவிங் லெட்டரில் (பழைய நிறுவனம் தரும் விடுவிப்புக் கடிதம்) உள்ள தேதி, பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ தளத்தின் சர்வீஸ் ஹிஸ்டரியில் உள்ள தேதி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ரெஸ்யூமேயில் 'ஜூன் 2021 – மார்ச் 2024' என்று இருக்கும். லெட்டரில் 14.06.2021 – 12.03.2024. பிஎஃப் கணக்கிலோ சேர்ந்த நாள் 01.07.2021, வெளியேறிய நாள் காலி. மூன்றும் ஒரே வேலைதான். ஆனால் சரிபார்ப்பவருக்கு உங்களைத் தெரியாது, தேதிகளை மட்டும்தான் தெரியும். பிஜிவி படிவத்தில் எப்போதும் ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே நாள் உட்பட எழுதுங்கள். பிஎஃப் தேதி மாறுபட்டால் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரியில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

வெளியேறிய நாள் காலியாக இருப்பது பெரிய தொல்லை. இன்னும் பழைய இடத்திலும் வேலை பார்க்கிறீர்களோ, இரட்டை வேலையோ என்ற சந்தேகத்துக்கு அதுவே போதும். பழைய எச்ஆரே போட்டுத்தர வேண்டும். போடாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, யூஏஎன் (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போடலாம். ஆதாரில் இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். ரிலீவிங் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதே தேதியைப் போடுங்கள். தப்பாகப் போட்டால் திருத்துவது நீண்ட வேலை. புது இடத்தில் சேரும் நாளும் பழைய இடத்தின் கடைசி நாளும் ஒன்றாக இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை விடுவிப்பு, திங்கட்கிழமை சேர்வு என்பதே நல்லது.

அடுத்த பொறி, பேரோல், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தீர்கள் என்பது. ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பீர்கள். சம்பளம் போட்டது, ஆட்களை அமர்த்தித் தரும் ஒரு ஸ்டாஃபிங் நிறுவனமாக இருக்கும். ரெஸ்யூமேயில் பெரிய பெயரை எழுதிவிட்டால், அங்கிருந்து 'இப்படி ஒருவர் எங்கள் ஊழியராக இருந்ததில்லை' என்று பதில் வரும். அது சிவப்புக்கு நேர்வழி. சம்பளச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் முதலாளி. பெரிய நிறுவனத்தை 'கிளையண்ட்' என்று தனியே குறிப்பிடுங்கள்.

இனிஷியல் பிரச்சினை நம் ஊருக்கே உரியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'செந்தில்குமார் கே', ஆதாரில் 'செந்தில் குமார்' என இரண்டு சொல், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி அஃபிடவிட் எடுத்து முதலிலேயே சேர்த்துவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு அஃபிடவிட் போதாது, அரசிதழ் அறிவிப்பு வேண்டும்.

படிவம் நிரப்பும்போது

'இன்சஃபிஷியன்சி' என்று மெயில் வந்தால் பயப்பட வேண்டாம், ஏதோ காகிதம் குறைகிறது என்றுதான் பொருள். ஆனால் அது தீரும்வரை அந்தச் சரிபார்ப்பு அப்படியே நிற்கும். அடிக்கடி இது வருவது பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப்பால். இ-ஆதார், சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாம் பூட்டப்பட்டே வரும். நீங்கள் திறந்து பார்த்த நினைப்பில் அப்படியே ஏற்றிவிடுவீர்கள், எதிர்முனையில் திறக்காது. பாஸ்வேர்ட் கொடுத்துத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிடிஎஃப்பாகச் சேமித்து, அந்தப் பிரதியை ஏற்றுங்கள். அடுத்தது, உங்கள் விவரங்களைச் சரிபார்க்க நீங்கள் ஒப்புதல் தரும் அங்கீகாரக் கடிதம். கையெழுத்துப் படத்தை ஒட்டினால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்காது. அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்யுங்கள்.

படிப்புக்கு எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும், ஒருங்கிணைந்த பட்டியலும், பட்டமோ புரவிஷனல் சான்றிதழோ தேவை. பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்துதான் பதில் வர வேண்டும் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே இழுக்கும். தேர்வு நேரத்திலும் முடிவு வெளியாகும் நேரத்திலும் இன்னும் தாமதமாகும். அரியர் வைத்து முடித்தவர்கள் கல்லூரி கடைசி வருடத்தையும் தேர்ச்சி பெற்ற வருடத்தையும் குழப்பாதீர்கள். பட்டத்தில் உள்ள மாதமும் வருடமும்தான் கணக்கு.

முகவரிக்கு ஆள் வரலாம், அல்லது மொபைலில் ஒரு லிங்க் வந்து இருப்பிடத்தை ஆன் செய்து, வாசலையும் கதவு எண்ணையும் படம் எடுக்கச் சொல்லலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த லிங்க்கைத் திறக்காதீர்கள், இடம் பொருந்தாது. பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருந்தால் வார்டனிடம் பெயரைச் சொல்லி வையுங்கள். 'அப்படி யாரும் இங்கே இல்லையே' என்ற ஒரு பதில் போதும், அந்தச் சரிபார்ப்பு அம்பர் ஆகிவிடும்.

சேர்ந்த பிறகு

கிளையண்ட் வங்கியாகவோ மருத்துவ நிறுவனமாகவோ இருந்தால், பச்சை வரும்வரை அவர்களுடைய சிஸ்டத்துக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது. வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களே என்று வருந்த வேண்டாம், அது வழக்கம்தான். பயிற்சி வகுப்புகளை முடித்துக்கொண்டே பிஜிவி தளத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள். ஆனால் சரிபார்ப்புக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஓடிபியைப் போனில் சொல்லாதீர்கள். பிஎஃப் விவரம் எடுக்க ஓடிபி தேவையென்றால், நிறுவனம் அனுப்பிய தளத்திலேயே நீங்கள் தட்டச்சு செய்தால் போதும்.

ரிலீவிங் லெட்டர் வரவில்லையா? பெரும்பாலும் லேப்டாப் திரும்பாததுதான் காரணம். கூரியரில் அனுப்பினால் சீரியல் எண்ணை எழுதி, பெற்றுக்கொண்டதற்கு மெயில் வாங்குங்கள். லெட்டர் வரும்வரை, ராஜினாமாவை ஏற்றுக் கடைசி வேலைநாளைக் குறிப்பிட்ட மெயிலைப் புது எச்ஆரிடம் கொடுத்து எழுத்தில் அவகாசம் கேளுங்கள். கடைசி நாள் மாலையே பழைய தளத்தின் லாகின் போய்விடும். சம்பளச் சீட்டுகள், அதுவரை வந்த ஃபார்ம் 16 (வரிப் பிடித்தச் சான்று), அப்ரைசல் கடிதம் எல்லாவற்றையும் அதற்கு முன்பே இறக்கி வையுங்கள். உங்கள் சொந்த ஆவணங்களை மட்டும். அலுவலகக் கோப்பு எதையாவது தனிப்பட்ட மெயிலுக்கு அனுப்பினால் அது வேறு வழக்காகிவிடும்.

பழைய நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால், இரண்டு பேருடைய அலுவலக மெயில் முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் முகவரியைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். நிறுவனமே மூடிவிட்டது என்றால் சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான வரிகளைக் குறியிட்ட வங்கி ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். அந்நிறுவனத்தின் நிலை கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தையும் சேர்க்கலாம்.

சிவப்பு வந்தால், எச்ஆர் அழைத்துப் பேசும்போது அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எந்தச் சரிபார்ப்பில், எந்த விவரம், யார் சொன்ன பதிலால் முரண்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு விவரத்துக்கு மட்டும் ஆதாரத்தோடு பதில் எழுதி, மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். தேதி, பதவிப்பெயர், பேரோல் குழப்பங்கள் இப்படித் தீர்வதுண்டு. கன்சல்டன்சிகளிடம் விலைக்கு வாங்கிய 'அனுபவ' லெட்டர்களால் வந்த சிவப்பு தீராது. பிஎஃப்பில் பணம் வராத இரண்டு வருடத்தை எந்த விளக்கமும் நிரப்பாது.

பச்சை வரும்வரை மதுரையிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்து பெரிய அட்வான்ஸ் கட்டாதீர்கள். மாத வாடகைக்கு ஒரு பிஜி போதும். ஜாயினிங் போனஸைத் தொடாமல் வையுங்கள். முடிந்தது என்ற மெயில் வந்ததும் அதைத் தனியாகச் சேமித்துவிட்டு, பழைய பிஎஃப் கணக்கைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பியுங்கள். வெளியேறிய நாள் சரியாகப் பதிவாகியிருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.